முதலை மகாராணியும் தங்கக் கோடு போட்ட தட்டும்

சிங்கப்பூருக்கு இக்கரையில் இருக்கும் பெர்மாஸ் ஜெயாவில் செல்வராணியின் வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது வீட்டுக்காரர்கள் அல்ல, அலமாரி. கல்யாணத்தின்போது மூவார் ஊர்த் தச்சரிடம் சொல்லிச் செய்த அலமாரி அது. இரண்டு கண்ணாடிக் கதவுகள், உள்ளே ஒரு குட்டி விளக்கு, நடுத்தட்டில் தங்கக் கோடு போட்ட சாப்பாட்டுத் தட்டுகளும் கிண்ணங்களும். சூப்பர்மார்க்கெட்டில் சாமான் வாங்கும்போது கொடுக்கிற ஸ்டிக்கர்களை ஒட்டி ஒட்டி, ஒவ்வொன்றாகச் சேர்த்த செட். அந்த ஸ்டிக்கருக்காக அவள் வாங்கிக் குவித்த துணி சோப்பில் பக்கத்து வீட்டுத் துணிகளையும் சேர்த்துத் துவைத்திருக்கலாம்.

ஆனால் அந்தத் தட்டுகளில் இன்றுவரை ஒரு பருக்கை சோறு விழுந்தது கிடையாது. "விருந்தாளி வந்தா எடுப்பேன்" என்பாள். விருந்தாளிகளும் வரத்தான் செய்தார்கள். அவர்களில் ஒருவர்கூட அந்தத் தட்டுக்குத் தகுதியானவராக அவளுக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். பெக்கான் நானாஸ் ஊரிலிருந்து சொந்த அண்ணனே குடும்பத்தோடு வந்தபோதும், அண்ணன் கரண்டியால் தட்டைத் தட்டுகிறவர் என்று சொல்லிப் பிளாஸ்டிக் தட்டைத்தான் நீட்டினாள். கணவன் ரூபேந்திரன் ஒருமுறை காய்ச்சலில் படுத்துக்கொண்டு, கஞ்சியை அந்தக் கிண்ணத்தில் ஊற்றித் தரச் சொல்லிக் கேட்டான். "மொதல்ல காச்சல் எறங்கட்டும்" என்றாள். காய்ச்சல் இறங்கியது. கிண்ணம் இறங்கவில்லை.

இந்த ரூபேந்திரன் நாற்பத்தெட்டு வயது ஆள். தினமும் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி சிங்கப்பூர் தொழிற்சாலைக்குப் போய் வருகிறவன். சூதாட்டம், குடி, சிகரெட் எதுவும் இல்லை. அவனுக்கு இருந்த ஒரே வியாதி 'ஜங்கிள் கிரௌன்' என்கிற அட்டை விளையாட்டு. மிருகப் படம் போட்ட அட்டைகள். பாக்கெட் பாக்கெட்டாக வாங்கிப் பிரித்து, நல்லதைச் சேர்த்து, சனிக்கிழமை தோறும் கடையில் போய் விளையாடுவான். அட்டைகள் முதலில் ஒரு மைலோ டின்னில் இருந்தன. பிறகு பிஸ்கட் டின்கள் வந்தன. பிறகு சோபாவில் உட்கார இடம் இல்லை.

"ராணி, அலமாரில அந்த நடுத்தட்ட மட்டும் எனக்குக் குடேன்" என்றான் ஒரு நாள்.

"எதுக்கு?"

"கார்டு வைக்க. வெளிய வச்சா காத்துல இருக்கிற ஈரத்துக்கு எல்லாம் அப்பளமா வளையுதுலா."

"அப்ப பொரிச்சுச் சாப்பிடுங்க."

ரூபேந்திரனுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "ஒன் தட்டு மட்டும் என்ன பண்ணுது? சும்மாதானே நிக்குது! என் கார்டாச்சும் வெளையாடுது. அதுக்கு எவ்ளோ மூளை வேணும் தெரியுமா ஒனக்கு?"

"பொம்ம அட்டைக்கு மூளையா?"

"ஒரு தடவ, ஒரே ஒரு தடவ என்னைய ஜெயிச்சுக் காட்டு. ஒரு கார்டு ஹால்ல இருக்காது. எல்லாத்தையும் ஸ்டோர் ரூமுக்குக் கொண்டு போயிர்றேன்."

"தோத்துட்டா?"

"அலமாரி எனக்கு. ஒன் தட்டெல்லாம் பெட்டிக்குள்ள."

"சரி" என்று சொல்லிவிட்டாள் செல்வராணி. சொன்ன மறு நிமிடமே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோம் என்று புரிந்தது. ஆனால் 'சும்மாதானே நிக்குது' என்ற சொல் நெஞ்சில் முள்ளாகத் தைத்திருந்தது. பின்வாங்க மனம் வரவில்லை.

ரூபேந்திரன் விளையாடப் போகும் கார்டு கடை, துணி வெளுக்கும் டோபிக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. கடைக்காரன் குணாளன் முப்பது வயதுக்காரன். போட்டிகளுக்கு அவன்தான் நடுவர். அதனால் கடைக்குள் இருக்கும்போது அவன் முகத்தில் எப்போதும் ஒரு கோர்ட்டுக் களை இருக்கும். பல் மருத்துவமனைக் கவுண்டரில் வேலை முடிந்து, கையில் மரக்கறிப் பையோடு படியேறி வந்த செல்வராணியைப் பார்த்து அவன், "அக்கா, டோபி கீழ" என்றான்.

"நான் ரூபேந்திரன் சம்சாரம். எனக்குக் கார்டு வெளையாடச் சொல்லிக் குடு, தம்பி."

குணாளன் நாற்காலியை இழுத்துப் போட்டான். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கென்று இருந்த பெட்டியைப் பிரித்தான். உள்ளே அறுபது அட்டைகள், ஒரு முழுக் கட்டு, அப்படியே விளையாடலாம்.

"ஆளுக்கு இருவது உயிருக்கா. எதிராளி உயிர முடிச்சா ஜெயிச்சீங்க. இது தண்ணி கார்டு, ஒங்க முறை வரும்போதெல்லாம் ஒண்ணு எறக்கலாம். தண்ணி சேர்ந்தாத்தான் மிருகம் வரும். பெரிய மிருகத்துக்கு நெறைய தண்ணி."

"மாட்டுக்குக் காட்டுற மாதிரி."

"ஆங், அப்படித்தான். மிருகம் போய் அடிக்கும். அடிச்சிட்டு வந்தத இப்படிக் குறுக்கால படுக்க வச்சிரணும். அது களைச்சுப் போச்சு. எதிராளி திருப்பி அடிக்க வந்தா, படுத்திருக்கிறது எந்திரிச்சு மறிக்க முடியாது."

"எங்க வீட்டுக்காரரு வேலை முடிஞ்சு சோபாவுல விழுற மாதிரி. வாசல்ல யாரு வந்தாலும் எந்திரிக்க மாட்டாரு."

"சரியாப் புடிச்சிட்டீங்க. செத்த மிருகத்த இந்தப் பக்கம் அடுக்கணும். இதுக்குப் பேரு கிரேவ்யார்டு."

செல்வராணி கையை இழுத்துக்கொண்டாள். "சுடுகாடா? என் பக்கத்துலயா? வெளக்கு வைக்கிற நேரத்துல என்னா பேச்சு இது?"

"வெறும் பேருதான்க்கா."

"வேணாம். பென்ஷன்னு சொல்லு. மிருகம் பென்ஷன் வாங்கிட்டுப் போயிருச்சு."

குணாளன் சட்டப்புத்தகத்தை மனதுக்குள் புரட்டிப் பார்த்தான். தடை எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. அந்த வாரமே அந்தக் கடையில் முறுக்கு மீசை வைத்த பையன்கள்கூட "ஒன் புலி பென்ஷன் போச்சு ப்ரோ" என்று பேசத் தொடங்கிவிட்டார்கள்.

புறப்படும்போது ஒரு குட்டிப் பாக்கெட்டையும் வாங்கிக்கொண்டாள். உள்ளே என்ன அட்டை இருக்கும் என்று யாருக்கும் தெரியாது, அதுதான் ருசி என்றான் குணாளன். பிளாச்சான் என்கிற இறால் விழுதுப் பாக்கெட்டைக் கிழிப்பது போலப் பல்லால் கடித்துக் கிழித்தாள். மூன்று தவளை, ஒரு கீரி, கடைசியில் பளபளவென்று ஒரு முதலை. தலையில் கிரீடம், கழுத்தில் முத்துமாலை, வாயில் அத்தனை பல்லும் வரிசை தப்பாமல். பல் மருத்துவமனையில் வேலை செய்கிறவளுக்கு அதைப் பார்த்ததும் பிடித்துப்போனது.

"அலமாக்!" என்று வியந்து குணாளன் எழுந்தே நின்றுவிட்டான். "முதலை மகாராணி! அக்கா, இதுக்காக அண்ணன் ரெண்டு வருசமாப் பாக்கெட்டு பிரிக்கிறாரு!"

விஷயம் கேள்விப்பட்டு ரூபேந்திரன் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் படியேறி வந்தான். அட்டையைப் பார்த்தான். ஹெல்மெட்டுக்குள் கண் கலங்கியது.

"ராணி, எனக்குக் குடுத்திரு. பதிலுக்கு என்னா வேணும்னாலும் கேளு."

"அலமாரிய மறந்துருங்க."

ரூபேந்திரன் மகாராணியை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தான். பிறகு மாட்டேன் என்று தலையை ஆட்டினான். "அலமாரி இல்லாம மகாராணிய எங்கலா வைப்பேன்?"

ஆக, பேரம் படியவில்லை. மாதக் கடைசி வெள்ளிக்கிழமை, வேலை முடிந்து சாயங்காலம், கடையில் எல்லார் முன்னாலும் ஒரே ஆட்டம் என்று முடிவானது.

மகாராணிக்கு ஒரு குணம் இருந்தது. தரையில் இறங்கிய உடனே அடிப்பாள். ஏழு உயிரை ஒரே கடியில் எடுப்பாள். எதிராளியின் மிருகம் ஏதாவது நிமிர்ந்து நின்றால் மட்டும் மறிக்கலாம். ஆனால் அடித்த கையோடு அவள் பென்ஷனுக்குப் போய்விட வேண்டும். ஒரே அடி, ஒரே வாழ்வு.

செல்வராணி பழகிய ஆட்டங்களில் எல்லாம் மகாராணி கைக்கு வந்தாள், கையிலேயே இருந்தாள், ஆட்டம் தோற்கும்போதும் கையிலேயே இருந்தாள்.

"எறக்குங்கக்கா!" என்று குணாளன் தலையில் அடித்துக்கொள்வான். "கையில வச்சிருந்தா அது வெறும் அட்டை!"

"எறக்கினா போயிருமே. இதவிட நல்ல நேரம் வரட்டும்."

"எப்பக்கா வரும்?"

அவள் தவளைகளையும் கீரியையும் அனுப்பினாள், அவை பென்ஷன் வாங்கிக்கொண்டு போயின. ஒரு சாயங்காலம் ரூபேந்திரன் கதவோரம் நின்று ஓர் ஆட்டத்தை முழுவதும் பார்த்தான். அவள் கையில் மகாராணியோடு தோற்றதைப் பார்த்துச் சிரித்தான். சத்தமில்லாத சிரிப்பு. அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் செல்வராணிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அன்று இரவு அவனுக்கு ரசத்தில் உப்பு இல்லை.

போட்டி நாள் வந்தது. காலையில் குளித்து விளக்கேற்றிய செல்வராணி, புது அட்டைக் கட்டைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள். புதிதாக எது வந்தாலும் மஞ்சள் வைக்காமல் அந்த வீட்டில் பயன்படுத்த மாட்டார்கள். தீபாவளிச் சட்டைக்கு ஓரத்தில் மஞ்சள். துணி துவைக்கிற மெஷினுக்கு மஞ்சள். காருக்கு நாலு டயரிலும் மஞ்சள். ரூபேந்திரனின் ஹெல்மெட்டில் இன்னும் பழைய மஞ்சளின் தடம் உண்டு. அட்டை மட்டும் என்ன பாவம் செய்தது? ஒவ்வொரு அட்டைக்கும் பிளாஸ்டிக் உறை போட்டிருந்ததால் நனையும் என்ற பயமும் இல்லை. குழைத்த மஞ்சளை விரலில் தொட்டு, முதுகுப் பக்கம் மூலையில், ஒன்று விடாமல் வைத்தாள். மகாராணிக்கு மட்டும் மஞ்சளுக்கு மேல் குங்குமமும் வைத்தாள்.

முடித்துத் திரும்பினால் சோபாவில் ரூபேந்திரனின் கட்டு, பெட்டியோடு. அவன் குளியலறையில் பாடிக்கொண்டிருந்தான். ஒரு நிமிடம் யோசித்தாள். அலமாரியைப் பிடுங்க வருகிற கட்டு. இருந்தாலும் ஒரே வீட்டில் ஒருத்தருக்கு வைத்து ஒருத்தருக்கு வைக்காமல் விட்டால் சாமி என்ன நினைக்கும்? பெட்டியைத் திறந்து அவனுடைய அட்டைகளுக்கும் மஞ்சள் வைத்து, காற்றாட விட்டு, இருந்தபடியே அடுக்கி மூடினாள்.

சாயங்காலம் கடையில் உட்கார இடமில்லை. விளையாட்டு தொடங்கும் முன் எதிராளியின் அட்டைக் கட்டை ஒருமுறை வெட்டி, மேல்பாதியைக் கீழே மாற்றி வைப்பது முறை. ரூபேந்திரன் மனைவியின் கட்டை வெட்டினான். விரலைப் பார்த்தான். முகர்ந்தான். மறுபடி அட்டையின் முதுகைப் பார்த்தான். முகம் பூவாக மலர்ந்தது.

"குணா! கார்டுல அடையாளம் வச்சிருக்கு! ஆட்டமே வேணாம், நான் ஜெயிச்சிட்டேன்!"

"என்னா அடையாளம்? மஞ்சள்லா அது" என்றாள் செல்வராணி.

குணாளன் கோர்ட்டுக் களையோடு வந்தான். முதுகைப் பார்த்து என்ன அட்டை என்று தெரிந்துகொள்ளும்படி குறி வைத்தால், அது களவு ஆட்டம், உடனே தோல்வி. அதுதான் சட்டம் என்று மெதுவாகச் சொன்னான். ஊரார் முன்னால் களவாணிப் பட்டம், வீட்டுக்குப் போனால் அலமாரியும் இல்லை. தட்டுகளைப் பழைய பேப்பரில் சுற்றிப் பெட்டிக்குள் வைப்பது கண் முன்னால் வந்து நின்றது. செல்வராணிக்கு அழுகை வந்துவிட்டது.

"எல்லாத்துலயும் ஒரே மாதிரி இருந்தா அது குறி இல்ல" என்று குணாளன் ஒவ்வொன்றாகத் திருப்பினான். நல்லவேளை என்று அவள் மூச்சு விடும்போது அவன் கை நின்றது. "அக்கா, இந்த ஒண்ணுக்கு மட்டும் ஏன் குங்குமம்?"

"அது மகாராணி தம்பி. ராஜா இருக்காருல்ல? சுமங்கலி."

கடை குலுங்கியது. ரூபேந்திரன் மட்டும் சிரிக்கவில்லை. "பாத்தியா, பாத்தியா! நல்ல கார்டுக்குத் தனிக் குறி! சட்டம்னா சட்டம்!"

"சட்டம்னா ரெண்டு பேருக்கும்தான் அண்ணே. ஒங்க கட்டையும் எடுங்க."

"தாராளமாப் பாரு!" என்று ரூபேந்திரன் பெட்டியைத் திறந்து மேசையில் கவிழ்த்தான். அறுபது அட்டைகளும் முதுகைக் காட்டிக்கொண்டு விழுந்தன. அறுபதிலும் மஞ்சள். சிலதில் சின்னதாக, சிலதில் பெரிதாக, அவசரத்தில் வைத்ததால் ஒன்றிரண்டில் ஒழுகியும் இருந்தது.

ரூபேந்திரன் மஞ்சளையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தான்.

"எனக்குமா வச்ச?"

"வெள்ளிக்கெழம. எனக்கு மட்டும் வச்சிக்கிட்டா நல்லாவா இருக்கும்?"

அவன் முகம் போன போக்கைப் பார்க்க அவளுக்கே பாவமாக இருந்தது. குணாளன் தொண்டையைக் கனைத்துத் தீர்ப்புச் சொன்னான். குற்றம் இரண்டு பக்கமும் சமம், ஆகவே தோல்வி யாருக்கும் இல்லை, உறைகளை எல்லாம் கழற்றிப் புது உறை போட வேண்டும். புது உறை இதே கடையில் கிடைக்கும். கடையில் இருந்த அத்தனை பேரும் உட்கார்ந்து உறை மாற்றினார்கள். முடிந்தபோது எல்லார் விரலும் மஞ்சளாகி, இடமே நலங்கு வைத்த கல்யாண வீடு போல ஆகிவிட்டது.

பிறகு ஆட்டம் தொடங்கியது. ரூபேந்திரன் நல்ல ஆட்டக்காரன், அதை மறுக்க முடியாது. அவனுடைய சிறுத்தைகள் வந்தன, காண்டாமிருகம் வந்தது. செல்வராணியின் தவளைகள் குடும்பம் குடும்பமாகப் பென்ஷன் வாங்கின. ஆனாலும் கீரி ஒன்று விடாமல் கடித்துக் கடித்து அவன் உயிரை ஏழுக்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் போய்ச் சேர்ந்தது. அவளுக்கு முன்னால் வேண்டிய தண்ணீர் சேர்ந்திருந்தது. கையில் ஒரே ஓர் அட்டை. அதை அவள் மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தாள்.

ரூபேந்திரன் அவள் பிடித்திருந்த விதத்தைப் பார்த்தான். சத்தமில்லாமல் சிரித்தான். பிறகு, கையில் என்ன இருக்கிறது என்று தெரிந்தும், வீட்டுக்குக் காவலுக்கு ஒன்றைக்கூட விடாமல் தன் மிருகங்கள் எல்லாவற்றையும் அடிக்க அனுப்பினான். அவளுடைய உயிர் இரண்டாகக் குறைந்தது. அவன் மிருகங்கள் எல்லாம் களைத்துப் போய்க் குறுக்கே படுத்தன.

"அண்ணே, தொறந்து போட்டுட்டீங்களே" என்றான் குணாளன்.

"பரவால்லலா. மகாராணி அவ கையிலதான் இருக்கு. ஆனா எறக்க மாட்டா. கல்யாணமானதுலேர்ந்து நான் பாத்துக்கிட்டு இருக்கேன். நல்லது எதையும் அவ வெளிய எடுக்க மாட்டா."

அவன் கேலியாகத்தான் தொடங்கினான். ஆனால் கடைசிச் சொல் கேலியாக வரவில்லை. காய்ச்சலில் கஞ்சி கேட்டவனின் குரல் அது. செல்வராணிக்கு வெட்கமாக இருந்தது. அந்தக் கிண்ணத்தை அன்று இறக்கியிருந்தால் என்ன குடி முழுகிப் போயிருக்கும்? இதைவிட நல்ல விருந்தாளி எந்த விமானத்தில் வந்து இறங்கப் போகிறான் என்று காத்துக்கொண்டிருந்தோம்?

அதோடு, ரொம்பக் கோபமாகவும் இருந்தது.

"போயிட்டு வாடி, என் தங்கம்" என்று மகாராணியை முத்தமிட்டு, மேசையில் இறக்கினாள். "ஏழு!"

மறிக்க ஒருவரும் எழுந்திருக்கவில்லை. எல்லாம் சோபாவில் விழுந்த ரூபேந்திரன்கள். அவனுடைய ஏழு உயிரும் போனது. கடை கூரை பிய்ந்துபோகும்படி கத்தியது. டோபிக்காரர் என்னவோ ஏதோவென்று கீழிருந்து ஓடிவந்தார். ரூபேந்திரன் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தான்.

தான் ஜெயித்ததைச் செல்வராணி கவனிக்கவே இல்லை. பென்ஷன் அடுக்கின்மேல் வைத்த மகாராணியைப் பார்த்து மூக்கை உறிஞ்சினாள். "போயிட்டாளே தம்பி."

"அக்கா, ஆட்டம் முடிஞ்சிருச்சு. எடுத்துக் கட்டோட சேருங்க. அடுத்த ஆட்டத்துக்கு மறுபடி வருவா."

"மறுபடியுமா? தேயாம, கொறையாம?"

"எத்தனை தடவ வேணும்னாலும்."

அவள் அதைப் பற்றி வீடு வந்து சேரும் வரைக்கும் யோசித்தாள்.

மறுநாள் காலை ரூபேந்திரன் சொன்ன சொல்லைக் காப்பாற்ற, டின்களைத் தூக்கிக்கொண்டு ஸ்டோர் ரூமுக்குப் புறப்பட்டான். ஹாலைத் தாண்டும்போது நின்றான். அலமாரியின் நடுத்தட்டு காலியாக இருந்தது. ஒரு தட்டு இல்லை, ஒரு கிண்ணம் இல்லை. அவனுக்கு உள்ளம் துள்ளியது. கிட்டே போனான். சாமி படம் வைக்கிற குட்டி ஸ்டாண்டில், விளக்கு வெளிச்சத்தில், உறைமேல் புதுக் குங்குமத்தோடு முதலை மகாராணி வீற்றிருந்தாள். இரண்டு பக்கமும் தவளைகள்.

"ராணி! அப்ப என் கார்டையும் இங்க வைக்கலாமா?"

"ஸ்டோர் ரூம்" என்றது சமையலறையிலிருந்து குரல். "பந்தயம்னா பந்தயம். வச்சிட்டுப் பசியாற வாங்க."

டின்களை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தான். அவனுக்கு முன்னால் தங்கக் கோடு போட்ட தட்டு, அதில் சுடச்சுடத் தோசை. கிண்ணத்தில் சம்பல். ரூபேந்திரன் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டான்.

"தொடலாமா?"

"தொடாம எப்படிச் சாப்பிடுவீங்க?"

"விருந்தாளிக்குன்னு சொன்னியே?"

"அவங்க வந்தா ஒங்க பிளாஸ்டிக் தட்டுல போட்டுக்கிறேன்" என்றாள் செல்வராணி. தன் தட்டையும் எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். "சாப்பிடுங்க, ஆறுது."

அவன் மெதுவாக ஒரு துண்டு பிய்த்தான். சம்பல் சிந்தித் தங்கக் கோட்டில் பட்டது. பயந்து அவள் முகத்தைப் பார்த்தான். அவள் பார்த்தும் பார்க்காதது போல, அவனுக்கு இன்னொரு தோசை வைத்தாள்.